கெய்ரோவின் காயலான் கடை

தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடை. பின்பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிய மூலையில், நசுங்கிய சைக்கிள்களுக்கு அடியில், வரிசையாக ஓட்டை போட்ட இரண்டு இரும்புத் தகடுகள் கிடந்தன. ஏதோ ஆலையில் நடைபாதைக்குப் போட்டிருந்தவை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து நானும் நண்பனும் வெளியே இழுத்துப் போட்டோம்.

"வேலிக்கா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. ஜீப்பு மணல்ல மாட்டுனா சக்கரத்துக்கு அடியில குடுக்கதுக்கு."

அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "அதுக்குப் பனமட்ட போதும்லா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் முன்பு தேரிக்காட்டு ஓரத்து மண்பாதையில் எங்கள் பழைய ஜீப் அச்சுவரை இறங்கி நின்றபோது அதை வெளியே கொண்டுவந்தது பனைமட்டைதான். விறகு பொறுக்க வந்த ஒரு பெரியவர், நாங்கள் ஆக்சிலேட்டரை மிதித்துச் செம்மண்ணை வாரி இறைப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு, "மிதிக்க மிதிக்கக் கீழதான் போகும்" என்றார். பிறகு தன் விறகுக்கட்டைப் பிரித்து, மட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்குவாட்டில் அடுக்கினார். வண்டி ஏறி வந்துவிட்டது. அவருடைய மட்டைகள்தான் உடைந்துபோயின.

புதுசாக மீட்புக் கருவி வாங்கலாம் என்று விலை பார்த்தோம். ஒரு ஜோடி பலகை, ஒரு கை வின்ச், ஒரு ஜாக்கி, நாலு ஷேக்கிள் எல்லாம் சேர்த்தால் நாங்கள் ஜீப்புக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வந்தது. அதனால்தான் காயலான் கடை. தகடுகளை எடைக்கு எடை வாங்கினோம். பக்கத்தில் சுருட்டிப் போட்டிருந்த இரும்புக் கம்பி வடம் ஒன்றையும் கேட்டேன். அதற்கு அண்ணாச்சி சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் தகடுகளின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த வாரங்களில் ரால்ஃப் பேக்னால்டைப் பற்றி மறுபடியும் வாசித்தேன். நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, கெய்ரோவில், ஒரு காயலான் கடையில் அவரும் இதே மாதிரி எதையோ தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

மணல் ஏன் விழுங்குகிறது

முதலில் ஒரு விஷயம். காய்ந்த மணல் பலவீனமான பொருள் அல்ல. அசையாமல் இருக்கும்வரை மணிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நல்ல பாரத்தைத் தாங்கும். சிக்கல் சக்கரம் வழுக்கும்போது தொடங்குகிறது. வழுக்கும் சக்கரம் தனக்கு அடியில் இருக்கும் மணலையே பின்னால் தள்ளித் தனக்குக் குழி தோண்டுகிறது. டிரைவர் பதறி இன்னும் மிதிப்பார். குழி இன்னும் ஆழமாகும். பெரியவர் சொன்னது இயற்பியல்தான்.

இதற்கு அடிப்படையான வழி இரண்டு. டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி அதிக மணலின் மேல் படியும், பாரம் பரவும். அப்படியும் மாட்டினால் சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவே நகராத எதையாவது வைக்க வேண்டும். பனைமட்டை, பலகை, கோணிச் சாக்கு, இரும்பு. மீட்புக் கருவிகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த 'எதையாவது' என்ற சொல்லுக்குள்தான் நடக்கிறது.

பதுங்குகுழியின் கூரை

பேக்னால்ட் 1896இல் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் கிடந்தவர். போர் முடிந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டு மறுபடி ராணுவத்துக்கே, இந்த முறை சிக்னல் பிரிவுக்கு, திரும்பினார். 1926இல் எகிப்துக்கு மாற்றல். மற்ற அதிகாரிகள் விடுமுறையில் போலோ ஆடினார்கள். இவரும் சில நண்பர்களும் ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போனார்கள். முதலில் மாடல் டி. பிறகு மாடல் ஏ.

அவர்கள் கண் வைத்தது எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் இருக்கும் பெரும் மணற்கடல் மேல். தெற்குவடக்காகப் பல நூறு கிலோமீட்டர் நீளும் மணல்மேடுகளின் வரிசைகள் அவை. சக்கர வண்டி அதைக் கடக்காது என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. எகிப்திய இளவரசர் கெமால் எல் தீன் 1920களில் தென்மேற்குப் பாலைவனத்துக்குப் போனார். அவருடைய சிட்ரோயன் வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பதிலாக டாங்கி போல ரப்பர் பட்டை ஓடும். வழியெங்கும் எரிபொருள் கிடங்கு. கில்ஃப் கெபீர் என்ற மாபெரும் பீடபூமியை 1926இல் உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். இளவரசரால் அது முடியும்.

பேக்னால்ட் கூட்டத்திடம் அந்தப் பணம் இல்லை. வண்டியும் பெட்ரோலும் பெரும்பாலும் கைக்காசு. அதனால் அவர்கள் செய்த முதல் வேலை, வண்டியில் கூட்டுவதை விட்டுவிட்டுக் கழிப்பது. ஃபோர்டின் தகர உடம்பைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி வைத்தார்கள். தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் போனது. ரேடியேட்டரில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி வீணாவதைப் பார்த்து, அதன் வாயிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் தண்ணீர் டப்பாவுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும், என்ஜின் ஆறினால் அந்தத் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படும். இந்த உத்தி அவர்களுக்கு முன்பே, முதல் உலகப் போரில் அதே பாலைவனத்தில் ரோந்து போன மாடல் டி படைகளிடம் இருந்தது. எதையும் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுவதைவிட, இருப்பதைத் துடைத்து மறுபடி உபயோகிப்பதே அவர்கள் பாணி.

அப்படித்தான் அந்தக் கடையும் வருகிறது. கெய்ரோவின் பழைய சாமான் கடை ஒன்றில் பேக்னால்டுக்குக் கனமான எஃகுத் தகடுகள் கிடைத்தன. நெடுக்குவாட்டில் ஓடைபோல் வளைத்தவை, ஏறக்குறைய ஐந்தடி நீளம். அவை முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்டவை. மேலே குவித்த மண்ணும், அதன் மேல் விழும் குண்டின் அதிர்ச்சியும் உள்ளே இருப்பவன் தலையில் இறங்காமல் தாங்குவதுதான் அவற்றின் வேலை.

இந்த இடத்தில் நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். அப்படிப்பட்ட கூரைகளுக்குக் கீழே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்த ஆள், பத்து வருஷம் கழித்து அதையே ஒரு கடையில் பழைய இரும்பாகப் பார்க்கிறார். அதைப் பார்த்து நினைவில் மூழ்கியிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அவர் வேறொரு கேள்வி கேட்டிருக்கிறார். தலைக்கு மேல் மண்ணைத் தாங்கியது, காலுக்குக் கீழே மணலில் வண்டியைத் தாங்காதா?

தாங்கியது. வளைவு இருந்ததால் தகடு மடங்கவில்லை. வண்டி மாட்டியதும் பின்சக்கரங்களுக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, தகட்டின் நுனி டயரை முட்டும்வரை உள்ளே செருகுவார்கள். டிரைவர் மெதுவாகக் கிளட்சை விடுவார், மற்றவர்கள் தள்ளுவார்கள். வண்டி தகட்டின் மேல் ஏறிய வேகத்திலேயே கெட்டித் தரைவரை போய்விட வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. தள்ளியவர்கள் வெயிலில் காய்ந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். அடுத்த குழியில் மறுபடி.

1929, 1930, 1932 என்று பயணம் நீண்டது. மணற்கடலை ஃபோர்டுகள் கடந்தன. 1934இல் லண்டனின் ராயல் புவியியல் கழகம் பேக்னால்டுக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது.

யாருடைய சிக்கனம்

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். குறைந்த பணம், நிறைய மூளை, காயலான் கடை இரும்பு, தங்கப்பதக்கம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இவர்கள் ஏழைகள் இல்லை. இன்னொருவர் நாட்டில் வேலை பார்த்த ஏகாதிபத்திய அதிகாரிகள். விடுமுறை, துப்பாக்கி, வரைபடம், திரும்பிப் போக ஒரு முகாம் எல்லாம் இருந்தவர்கள். பேக்னால்ட் 1935இல் வெளியிட்ட பயண நூலின் துணைத்தலைப்பு அந்த நிலத்தைச் செத்த உலகம் என்கிறது.

அது எல்லோருக்கும் செத்த உலகம் இல்லை. 1931 ஜனவரியில் இத்தாலியப் படை குஃப்ரா பாலைவனச் சோலையைப் பிடித்தபோது, அங்கிருந்த மக்கள் பெண்டு பிள்ளைகளோடு ஒட்டகங்களில் அதே 'செத்த உலகத்துக்குள்' தப்பி ஓடினார்கள். உவைநாத் மலைப்பக்கம் ஒதுங்கியவர்களுக்கு மழையும் மேய்ச்சலும் இல்லை. எகிப்தின் தாக்லா சோலையைத் தேடிக் கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே செத்தார்கள். எகிப்திய பாலைவன நில அளவைத் துறையில் இருந்த பேட்ரிக் கிளேட்டன், கையில் இருந்த கார்களோடு தேடிப் போய்ப் பலரைக் காப்பாற்றினார்.

மணலில் மாட்டிய வண்டியை மீட்கத் தெரிவது என்பது அந்த மக்களுக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு இல்லை. வண்டி வந்து சேர்கிறதா இல்லையா என்பதில் உயிர் இருந்தது. கருவியின் மதிப்பு அது எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கியது என்பதில் இல்லை. கடைசியில் யாரை வெளியே கொண்டுவருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண்ணெண்ணெயும் சாக்பீசும்

எங்கள் தகடுகளுக்கு வருவோம்.

துரு என்றால் எல்லாத் துருவும் ஒன்றில்லை. மேலாகப் படிந்த செந்துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஏடு ஏடாகப் பெயரும் துரு இரும்பையே தின்றிருக்கும், அந்த இடத்தில் கனம் குறைந்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். தின்றுபோன இடம் பொத்தென்று சத்தம் கொடுக்கும்.

வளைந்த பகுதியை நிமிர்த்த நாங்கள் வாடகைக்கு எதுவும் எடுக்கவில்லை. தண்டவாளத் துண்டு ஒன்றின் மேல் கவிழ்த்துப் போட்டுச் சம்மட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். சூடாக்கி அடித்தால் சுலபம்தான். ஆனால் துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் சூட்டில் கிளம்பும் புகை காய்ச்சலில் தள்ளிவிடும். பூச்சு முழுக்கப் போயிருக்கிறதா என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் சூடு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

விரிசல் பார்ப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள். எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசுவது. விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பூச்சில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். எங்களுக்கு மண்ணெண்ணெயும் பொடித்த சாக்பீசும். ஒரு தகட்டில் ஒன்றுமில்லை. இன்னொன்றில் ஓரத்து ஓட்டையிலிருந்து விரல்நீளத்துக்கு ஒரு கோடு. அந்த முனையை வெட்டி எறிந்தோம். அதனால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. பார்க்க அசிங்கம்தான், வேலை செய்கிறது. ஓரங்களைக் கை கிழிக்காதபடி ராவி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தோம்.

ஜாக்கி ஒரு பட்டறையில் கிடைத்தது. நீளமான இரும்புக் கம்பத்தில் வரிசையாக ஓட்டை இருக்கும், கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் ஒவ்வொரு ஓட்டையாக ஏறும் வகை. அமெரிக்காவின் இண்டியானாவில் 1905இலிருந்து ஒரு நிறுவனம் இந்த வகை ஜாக்கியைச் செய்துவருகிறது. அடிப்படை அமைப்பு அதிகம் மாறாததால், எவ்வளவு பழசானாலும் பிரித்து மாட்ட முடிகிறது. எங்களுடையது ஏறவே இல்லை. உள்ளே இருக்கும் ஊசிகளைச் சுற்றி மணலும் பழைய கிரீஸும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. டீசலில் ஒரு நாள் ஊறப்போட்டு, ஸ்பிரிங்குகளை மாற்றினோம். மறுபடி கிரீஸ் வைக்கவில்லை. கிரீஸ் மணலைக் கூப்பிடும்.

கை வின்ச்சில்தான் நான் ஒரு பெரிய தப்பு செய்யப் போனேன். கைப்பிடி அச்சில் இருக்கவேண்டிய சிறிய ஊசி உடைந்திருந்தது. அளவாக ஒரு ஆணியை வெட்டி அடித்துவிடலாம் என்றேன். நண்பன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த ஊசி உடைவதற்காகவே வைத்தது. தாங்கக்கூடிய பாரத்தைத் தாண்டி இழுத்தால் வேறு எதுவும் அறுவதற்கு முன்னால் அது அறுந்து, 'போதும்' என்று சொல்லும். அதன் இடத்தில் கெட்டியான ஆணி இருந்தால், அடுத்து அறுவது வடம். முறுக்கேறி நிற்கும் வடம் அறுந்தால் அதில் சேர்ந்திருக்கும் சக்தி முழுக்கச் சாட்டை மாதிரி திரும்பி வரும். அது காலையும் எடுக்கும், தலையையும் எடுக்கும்.

இப்போது அண்ணாச்சியின் பதில். கம்பி வடத்துக்கு விலை கேட்டபோது அவர் சொன்னார்: "வேலிக்குன்னா தூக்கிட்டுப் போ. கட்டி இழுக்கன்னா நான் தர மாட்டேன்."

"நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?"

"வெளிய நல்லாருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது."

குறைந்த செலவில் பழைய கருவியைச் சரிசெய்வதில் எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் இந்த ஒரு வரிதான். தகடு தன் குறையை மறைக்காது. தட்டினால் சொல்லும், சாக்பீஸ் பூசினால் காட்டும். உடைந்தாலும் பெரும்பாலும் மடங்கும், அவ்வளவுதான். வடம் அப்படியில்லை. அதன் நடுத்திரி காய்ந்து, உள்கம்பிகள் துருப்பிடித்து, வெளியே மட்டும் மினுமினுக்கும். நைலான் பட்டைகளும் அப்படியே, வெயில் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் தின்றிருக்கும். மிச்சம் பிடித்த காசை எல்லாம் போட்டு வடமும் ஷேக்கிளும் மட்டும் புதிதாக வாங்கினோம்.

திரும்பிப் போன இரும்பு

பேக்னால்டின் தகடுகள் கடைசியில் போருக்கே திரும்பிப் போயின.

1935இல் ராணுவத்திலிருந்து விலகிய அவர், மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய ஆரம்பித்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தானே ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டி, அதற்குள் மணலைப் பறக்கவிட்டு அளந்தார். 1941இல் வந்த அந்த ஆய்வு நூலை மணலைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் எடுத்து வைக்கிறார்கள். செவ்வாயில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் போய்ப் பார்த்த மணல்மேடுகளுக்கு அவர் பெயர்தான். சக்கரம் மாட்டியபோதெல்லாம் இறங்கித் தோண்டிய ஆளுக்கு, தோண்டுகிற பொருளின் மேலேயே ஆசை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1939இல் போர் வந்ததும் ராணுவம் அவரைத் திரும்ப அழைத்தது. வேறெங்கோ போகவேண்டிய அவர், கப்பல் மோதல் ஒன்றால் எகிப்தில் இறங்க நேர்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஜெனரல் வேவல் ஆறு வாரம் கொடுத்தார். அதற்குள் நெடுந்தூரப் பாலைவனப் படை உருவானது. லாரிகள்கூடப் பொறுக்கிச் சேர்த்தவைதான். கெய்ரோவில் விற்பனைக்கு நின்ற ஷெவர்லே, எகிப்திய ராணுவத்திடம் கேட்டு வாங்கிய ஷெவர்லே. ஒவ்வொன்றிலும் எஃகு ஓடைத் தகடுகள், மூங்கில் பிளாச்சு செருகிய கேன்வாஸ் பாய்கள். மூங்கிலைப் படித்தபோது எனக்கு மட்டைதான் ஞாபகம் வந்தது.

அதே போரில் அமெரிக்கா இன்னொரு தகட்டைச் செய்தது. வட கரோலினாவின் மார்ஸ்டன் என்ற ஊருக்கருகே 1941 போர்ப் பயிற்சியில் முயன்று பார்த்ததால் மார்ஸ்டன் பாய் என்று பெயர். பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், 87 ஓட்டைகள், முப்பது கிலோ எடை. ஒன்றோடொன்று கொக்கி போட்டு விரித்தால் சேற்றிலும் மணலிலும் விமானம் இறங்கும். போர் முடிந்ததும் அவை மலைமலையாக மிஞ்சின. பசிபிக் தீவுகளில் மக்கள் எடுத்துப் போய் வேலி போட்டார்கள், ஓடைக்குப் பாலம் போட்டார்கள். சகாராவைக் கடக்கக் கிளம்பிய லேண்ட்ரோவர்க்காரர்கள் வெட்டித் துண்டாக்கி வண்டிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி என்னிடம் "வேலிக்கா?" என்று கேட்டது சரித்திரப்படி ரொம்பச் சரியான கேள்வி.

அந்தப் பாலைவனப் படையின் ஷெவர்லே லாரி ஒன்று பல பத்தாண்டுகள் லிபியாவில் கிடந்து, பிறகு பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர்கள் அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. துருவும் ஓட்டையுமாக, கண்டெடுத்த கோலத்திலேயே வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த லாரி இனி யாரையும் எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை, துருவோடு இருக்கலாம். எங்கள் தகடு நாளைக்கு ஒரு வண்டியைத் தாங்கியாக வேண்டும். அதைச் சுரண்டித்தான் ஆகணும்.

போன வாரம் தேரிப் பக்கம் மறுபடி போனோம். வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே மாட்டினோம். காற்றை இறக்கி, தோண்டி, நெட்டைத் தகட்டை ஒரு பக்கமும் குட்டைத் தகட்டை ஒரு பக்கமும் செருகினோம். நெட்டை பிடித்துக்கொண்டது. குட்டை வழுக்கிப் பின்னால் பறந்தது, நல்லவேளை அங்கே யாரும் நிற்கவில்லை. அந்தச் சக்கரத்துக்குக் கீழே கடைசியில் போட்டது, ஓரத்தில் விழுந்து கிடந்த நாலு பனைமட்டை.

வண்டி வெளியே வந்தது. திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வடத்தைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார். பிறகு, "பனை இல்லாத ஊருக்குப் போனா அந்தத் தகடு வேணும்தான். ஒழுங்கா நீளமா ஒன்னு வந்தா எடுத்து வைக்கேன்."